கால்குலேட்டரில் ஒரு ஈ

பவானிசாகர் அணை நிரம்பினால் 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலை நம்பி இருக்கிற ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். நிரம்பின அணையை அண்டாவைக் கவிழ்க்கிற மாதிரி கவிழ்த்து, அத்தனை ஏக்கரிலும் சமமாக ஊற்றினால் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்?

இந்தக் கேள்வியை கோபியிலோ காங்கேயத்திலோ ஒரு டீக்கடையில் கேட்டால், "காளிங்கராயன், தடப்பள்ளி, அரக்கன்கோட்டைக்கெல்லாம் பங்கு இல்லீங்களா?" என்று முதலில் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். அணையிலிருந்து பழைய பாசனங்களுக்கும் தண்ணீர் போகிறது, அணை ஒரு வருஷத்தில் ஒரு தடவைதான் நிரம்பும் என்றும் இல்லை. இது சும்மா ஒரு மனக்கணக்கு. மனசு ஒத்துழைக்காவிட்டால் கால்குலேட்டர் கணக்கு.

டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி. அதாவது ஒன்று போட்டு ஒன்பது பூஜ்யம். 32.8 டி.எம்.சி. என்பது 32,80,00,00,000... கொஞ்சம் இருங்கள், பூஜ்யத்தை எண்ணிக்கொள்கிறேன்... 3,280 கோடி கன அடி. இதைக் கடையில் மளிகைக் கணக்குப் போடுகிற எட்டு இலக்க கால்குலேட்டரில் அடித்துப் பாருங்கள். எட்டாவது இலக்கத்தோடு நின்றுவிடும். 'சரி, பெருக்கியாவது கொண்டுவருவோம்' என்று 32,80,000-ஐ 10,000-ஆல் பெருக்கினால், திரையின் ஓரத்தில் ஆங்கில எழுத்து 'ஈ' ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். எர்ரர். 'என்னால ஆகாதுங்க' என்று அர்த்தம்.

அதே கணக்கைச் சில செல்போன்களில் போட்டால் 3.28ஈ10 என்று வரும். இங்கேயும் ஒரு ஈ. ஆனால் இது வேறு ஜாதி ஈ. முதலாவது கைவிரிக்கிற ஈ. இரண்டாவது, தமிழில் 'ஈ' என்றால் 'கொடு' என்று ஒரு அர்த்தம் உண்டே, அந்த ஈ. '3.28-ஐ எடுத்துக்கொள், பத்தைப் பத்துத் தடவை பெருக்கிக் கொடு' என்கிறது. நோட்டில் எழுதினால் 3.28 × 10¹⁰. பள்ளிக்கூடத்தில் 'அறிவியல் குறியீடு' என்று நடத்தினார்களே, அன்றைக்கு நீங்கள் ஜன்னல் வழியாக கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதேதான்.

பெரிய எண்ணைக் கண்டு மிரள்வது நமக்குப் புதிதில்லை. பழந்தமிழில் தாமரை, குவளை, ஆம்பல், சங்கம், வெள்ளம் என்றெல்லாம் பெரும் எண்களுக்குப் பெயர் வைத்தார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் ஒரு பூவைத் தேடினால் ஒரு நாள் பூ மார்க்கெட் காலியாகிவிடும். பத்தின் தலைமேல் ஒரு சின்ன எண்ணை ஏற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. தினமும் பேப்பரில் படிக்கிற டி.எம்.சி.யே ஒரு மறைமுக அறிவியல் குறியீடுதான். 'டி.எம்.சி.' என்று படிக்கிற இடத்தில் '× 10⁹ கன அடி' என்று போட்டுப் படியுங்கள். நீங்களும் விஞ்ஞானி.

* * *

இப்போது வயலுக்கு வருவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி.

மேலே: 3.28 × 10¹⁰
கீழே: 2.07 × 10⁵, அதோடு 4.356 × 10⁴

கீழே இருப்பதைப் பெருக்க வேண்டும். முன்னால் இருக்கும் எண்களை மட்டும் பெருக்கினால் 9.01692. தலைமேல் இருப்பதை வெறுமனே கூட்டினால் போதும், 5-ம் 4-ம் 9. ஆக 9.01692 × 10⁹. அப்புறம் வகுத்தல். முன்னாலுள்ளதை வகுக்கவும், தலைமேல் இருப்பதைக் கழிக்கவும். பத்திலிருந்து ஒன்பது போனால் ஒன்று. பூஜ்யத்தை எண்ணி எண்ணி விரல் தேய வேண்டியதில்லை.

விடை? கால்குலேட்டர் ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்கிறது: 3.637605746 அடி.

இங்கேதான் விவகாரம். ஒரு தம்பி இதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதி, தடித்த எழுத்தில் போட்டு, கீழே கோடும் போட்டு, மேனேஜர் மேஜையில் வைத்துவிடுவார். கேட்டால், "கால்குலேட்டர்ல வந்துச்சுங்ணா."

வந்தது சரி. அந்தக் கடைசி 6 என்ன சொல்கிறது என்று பார்ப்போமா? புள்ளிக்குப் பின் ஒன்பதாவது இடம். ஒரு அடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. மீட்டர் கணக்கில் சுமார் 3 × 10⁻¹⁰. இது கிட்டத்தட்ட ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறின் பருமன். அதாவது, 'கோபியிலிருந்து கரூர் வரைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், தண்ணீர் ஒரு மூலக்கூறு கூடாது, குறையாது' என்று கால்குலேட்டர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறது.

அணையின் கொள்ளளவு 32.8 என்று சொன்னவருக்கு அது 32.75-ஆ, 32.85-ஆ என்றே தெரியாது. ஆயக்கட்டு 2,07,000 என்றவர் ஐந்நூறு ஏக்கர் முன்னே பின்னே இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டையும் எல்லை வரை தள்ளிப் பார்த்தால் விடை 3.62-லிருந்து 3.65 வரைக்கும் ஆடுகிறது. '3.6' வரைக்கும் உறுதி. அடுத்த 3 கொஞ்சம் ஆட்டம். அதற்கப்புறம் வருகிற 7605746 எல்லாம் கல்யாண வீட்டில் பெண் வீட்டாருக்கும் தெரியாத, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாத ஒரம்பரை மாதிரி. பந்தியில் மட்டும் முதல் வரிசை.

ஆகவே விடை: 3.64 அடி. மூன்று இலக்கம் கொடுத்தார்கள், மூன்று இலக்கம் திருப்பிக் கொடுத்தோம்.

இந்த யோக்கியமான இலக்கங்களுக்குத்தான் 'முக்கிய எண்ணுருக்கள்' என்று பாடப் புத்தகத்தில் பெயர். நாம் முக்கிய இலக்கம் என்றே சொல்லிக்கொள்வோம். பெருக்கும்போதும் வகுக்கும்போதும் கொடுத்த எண்களில் எதற்கு முக்கிய இலக்கம் குறைச்சலோ, விடைக்கும் அத்தனைதான். கூட்டு வியாபாரத்தில் கடைசி ஆளின் முதலைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

* * *

"பூஜ்யம் முக்கிய இலக்கமா, இல்லையா?"

இது காலங்காலமாகப் பரீட்சையில் காலை வாருகிற கேள்வி. பதிலை ராஜ வீதி நகைக்கடையில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பவுன் நாணயம் வாங்குகிறீர்கள். கடைக்காரர் துண்டுச் சீட்டில் '8 கிராம்' என்று எழுதித் தருகிறார். கணக்குப் பாஷையில் அதற்கு அர்த்தம், ஏழரையிலிருந்து எட்டரைக்குள் ஏதோ ஒன்று. தங்கம் விற்கிற விலையில் ஒரு கிராம் ஆட்டத்துக்கு நீங்கள் சம்மதிப்பீர்களா? வீட்டுக்காரம்மா சம்மதிப்பாரா? அதனால்தான் பில்லில் '8.000 கிராம்' என்று அச்சடிக்கிறார்கள். அந்த மூன்று பூஜ்யமும் அலங்காரமில்லை. 'அரை மில்லி கிராமுக்கு மேல் பிசகில்லை' என்கிற வாக்கு. புள்ளிக்குப் பின்னால் கடைசியில் நிற்கிற பூஜ்யம் காசுள்ள பூஜ்யம். முக்கிய இலக்கம் நான்கு.

அதே நாணயத்தைக் கிலோவில் எழுதினால் 0.008000. முன்னால் நிற்கிற பூஜ்யங்கள் வெறும் வழிகாட்டிகள். புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போய்விடும். அவற்றுக்குச் சம்பளம் கிடையாது. இப்போதும் முக்கிய இலக்கம் நான்குதான். கிராமைக் கிலோ ஆக்கினதால் தராசு திடீரென்று நல்ல தராசாகிவிடாது, கெட்டும் போய்விடாது.

நடுவில் மாட்டிக்கொண்ட பூஜ்யம்? 2,07,000-ல் 2-க்கும் 7-க்கும் நடுவில் இருப்பது. அது எப்போதும் முக்கியம். இரண்டு பக்கமும் மரியாதைப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நடுவில் இருப்பவரை எழுந்திருக்கச் சொல்ல முடியாது.

பிரச்னை கடைசி மூன்று பூஜ்யம். 2,07,000-ல் அவை அளந்து வந்த பூஜ்யமா, இடம் நிரப்ப வந்த பூஜ்யமா? எழுதினவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் அறிவியல் குறியீடு. 2.07 × 10⁵ என்றால் மூன்று இலக்கம். 2.07000 × 10⁵ என்றால் 'ஏக்கர் ஏக்கராக எண்ணிப் பார்த்துட்டேன், ஆறு இலக்கமும் என் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுவது. அளவையும் சொல்லியாச்சு, அளவின் நம்பகத்தையும் சொல்லியாச்சு.

நகைக்கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் இன்னொன்று. 916 என்கிறார்களே, அது 22 காரட். 24-ல் 22 பங்கு. வகுத்தால் 0.916666... போய்க்கொண்டே இருக்கும். முறைப்படி முழுமையாக்கினால் 917 வர வேண்டும். 916 என்று முத்திரை குத்துகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூடச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, குறைத்துச் சொல்வது நல்லதுதானே. ரவுண்டு பண்ணுவதிலும் யார் பக்கம் ரவுண்டு என்று ஒரு கேள்வி இருக்கிறது.

* * *

கூட்டலுக்கு வேறு சட்டம். உதாரணத்துக்குக் கல்யாணம்.

"என்னப்பா, செலவு எவ்வளவு ஆச்சு?"

"மண்டபம், சாப்பாடு, நகை, துணிமணி எல்லாஞ் சேர்த்து சுமாரா ஒரு பன்னண்டு லட்சமுங்க."

"வெத்தலை பாக்கு?"

"முந்நூத்தி நாப்பத்தி ஏழு ரூபா."

"அப்ப மொத்தம் பன்னிரண்டு லட்சத்து முந்நூத்தி நாற்பத்தி ஏழு!"

'சுமாரா' என்று சொன்னவுடனேயே பத்தாயிரம், இருபதாயிரம் இருட்டுக்குள் போய்விட்டது. அந்த இருட்டில் 347 ரூபாய்க்கு டார்ச் அடித்து என்ன பிரயோஜனம்? கூட்டலில் எந்த எண் மங்கலோ, அந்த மங்கலான இடத்தோடு விடையும் நின்றுவிட வேண்டும். மொத்தம்: சுமார் பன்னிரண்டு லட்சம். வெற்றிலை பாக்கு அதிலேயே அடக்கம்.

பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டுகிற எடைமேடையில் ஒரு பஞ்சு லாரி 12,340 கிலோ நிற்கிறது. டிரைவரின் டிபன் பாக்ஸ் 450 கிராம். சேர்த்தால் 12,340.450 என்று எழுதுகிறவரைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும்.

ஆனால் ஒரு ஜாக்கிரதை. எல்லா எண்ணும் அளந்த எண் இல்லை. எண்ணிப் பார்த்த எண்களும், இத்தனை என்று விதித்துவிட்ட எண்களும் உண்டு. ஒரு ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பது விதித்தது. அதில் மங்கலே கிடையாது. பந்தியில் 140 இலை என்றால் 140 இலை.

எண்ணுவதற்கு மிகப் பிரபலமான உதாரணம் பிராட்மேன். டெஸ்ட் போட்டிகளில் மொத்தம் 6,996 ரன், 70 தடவை அவுட். சராசரி 99.94. 1948-ல் ஓவல் மைதானத்தில் கடைசி ஆட்டம். இன்னும் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் சரியாக 100. இரண்டாவது பந்தில் டக். கிரிக்கெட் ரசிகர்கள் இன்று வரைக்கும் அந்த 0.06-க்குத் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள். இதில் எந்த ரனும் 'சுமாராக' எடுத்ததில்லை என்பதால் 99.94-ன் நான்கு இலக்கமும் நிஜம். ஒரு கணக்கு வாத்தியார் வந்து, 'இரண்டு முக்கிய இலக்கத்துக்கு முழுமையாக்கு' என்றால் விடை 1.0 × 10². பெரியவரின் ஏக்கம் ஒரே வரியில் தீர்ந்துபோகும். ஆனால் எண்ணிப் பார்த்த எண்ணில் அப்படி வெட்ட நமக்கு உரிமை கிடையாது.

* * *

எவரெஸ்டுக்கும் இந்தப் பூஜ்யத் தொல்லை வந்திருக்கிறது.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்கிற அதிகாரி, நூறு அடி எஃகுச் சங்கிலி ஒன்றைத் தரையில் நீட்டி, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். 57 நாள் ஆயிற்று. இன்றைக்கு பைக்கில் கால் மணி நேர தூரத்துக்கு ஏன் இரண்டு மாசம்? வெயில்தான். எஃகு சூட்டில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏழரை மைலில் கிட்டத்தட்ட அரை அடி வித்தியாசம் விழும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, நிழல் கட்டி, உள்ளே வெப்பமானி வைத்து, அதைப் படித்துப் படித்துக் கணக்கைத் திருத்தினார்கள். புள்ளிக்குப் பின் ஒரு இலக்கத்தை எழுதுவதற்கு எத்தனை வியர்வை சிந்த வேண்டும் என்பதற்கு அந்த 57 நாள் சாட்சி. அப்புறம் அந்த அளவை நம் கோயமுத்தூர் பக்கமும் வந்தது. அவர்களுடைய குறிப்பில் இங்கே ஒரு நிலையத்துக்கு 'புட்சபொல்லியம்' என்று பெயர். ஊரின் பெயரைக் கேட்டால் பச்சாபாளையம் மாதிரி காதில் விழுகிறது. அளவில் இம்மி பிசகாதவர்கள் ஊர்ப்பெயரில் தாராளமாகப் பிசகியிருக்கிறார்கள்.

அந்த அளவை வடக்கே போய்க்கொண்டே இருந்து இமயமலையை எட்டியது. ராதாநாத் சிக்தார் என்கிற வங்காளிக் கணித மேதை, 1852 வாக்கில், பதினைந்தாம் நம்பர் சிகரம்தான் உலகத்திலேயே உயரம் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். 1856-ல் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வாவ் உலகத்துக்கு அறிவித்த உயரம் 29,002 அடி. இதற்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். கணக்கில் வந்தது சரியாக 29,000 அடியாம். அப்படியே அறிவித்தால் 'குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்கிறான்' என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று, நம்பகத்துக்காக இரண்டு அடி சேர்த்தாராம். எவரெஸ்ட்டின் உச்சியில் முதலில் இரண்டு அடி வைத்தவர் வாவ்தான் என்று ஜோக் உண்டு.

அன்றைக்கு அவர் 2.9000 × 10⁴ அடி என்று எழுதியிருந்தால், ஒரு பொய்யும் சொல்லாமல் 'ஐந்து இலக்கமும் அளந்ததுதான்' என்று தெரிவித்திருக்கலாம். ஆனால் பத்திரிகைக்காரர் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். வாவ் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடி. தொலைவிலிருந்து தியோடலைட்டில் பார்த்து, ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகு. வணங்கத்தக்க வேலை. ஆனால் 30 அடி மங்கலுக்குள் இரண்டு அடியைச் சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன! வெற்றிலை பாக்கு 347 ரூபாய்தான்.

* * *

சிரித்தாயிற்று. இனிமேல் வருவது சிரிக்கிற விஷயமில்லை.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் நதியின் மொத்தத்தை 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டு பங்கு பிரித்தது. கர்நாடகம் பிலிகுண்டுலுவில் நமக்குத் தர வேண்டியது 192. அதை 2018 பிப்ரவரி 16-ம் தேதி சுப்ரீம் கோர்ட் 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. இதில் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. 4.75, பெங்களூரின் குடிநீருக்காக.

நிலத்தடி நீர் 10 என்பது உருண்டையான எண். பூமிக்குள் இறங்கி யாரும் படி வைத்து அளக்க முடியாது. 4.75 என்பது நறுக்கென்று வெட்டின எண். இரண்டையும் கூட்டினால் 14.75. நம் கல்யாணக் கூட்டல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் தீர்ப்பில் வருகிற எண் அளந்த எண் இல்லை. விதித்த எண். 43,560 மாதிரி. 'இத்தனை' என்று எழுதியாகிவிட்டால் அதில் மங்கல் கிடையாது. பாகப்பிரிவினையில் சென்ட் கணக்காக எழுதாவிட்டால் நாளைக்கு வரப்பில் சண்டை வரும்.

மங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தீர்ப்பு பேப்பரில் இருக்கிறது, தண்ணீர் ஆற்றில் வருகிறது. ஓடுகிற ஆற்றைத் தராசில் நிறுத்த முடியாது. நீர்மட்டத்தையும் வேகத்தையும் அளந்து, குறுக்குப் பரப்பால் பெருக்கித்தான் 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்கிறார்கள். எவ்வளவு கவனமாக அளந்தாலும் நூற்றுக்கு ஒன்று பிசகாமல் பெரிய ஆற்றை அளப்பது சாமான்யமில்லை. 177.25-ல் நூற்றுக்கு ஒன்று என்றால் 1.77 டி.எம்.சி. ஆகத் தீர்ப்பின் கடைசியில் இருக்கிற 0.25 மாதிரி ஏழு மடங்கு, அளவின் மங்கலுக்குள்ளேயே மறைந்துகொள்ள முடியும். நாம் கண்ட 3.64 அடிக் கணக்குப்படி பார்த்தால் அந்த 1.77 டி.எம்.சி. சுமார் 11 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர். அத்தனை தோட்டமும் ஒரே ஒரு சதவீதத்துக்குள்.

அதனால்தான் 'எத்தனை டி.எம்.சி.' என்று கத்துகிற எந்தக் கூட்டத்திலும், 'யார் அளந்தாங்க, எப்படி அளந்தாங்க, எவ்வளவு பிசகும்?' என்று கேட்கிற ஒரு ஆள் வேண்டும். இலக்கங்களை நீட்டி வாசிப்பவரைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் மாதிரித்தான் இருக்கும். ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடியே 68 லட்சத்து 46 ஆயிரத்து 592 லிட்டர். இது பெருக்கல் கணக்குப்படி அட்சர சுத்தமாகச் சரி. ஆனால் மேடையில் ஒருவர், 'ஒரு டி.எம்.சி. வந்தது' என்று யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதை இப்படி லிட்டராக்கி முழங்கினால், கடைசி 592 லிட்டரை எந்த மொட்டைமாடி டேங்கில் பிடித்து வைத்தார் என்று கேளுங்கள்.

மேட்டூர் அணை 1934-லிருந்து நிற்கிறது. நிரம்பினால் 93.47 டி.எம்.சி. என்று பேப்பரில் வருகிறது. தொண்ணூறு வருஷத்து வண்டல் அடியில் படுத்திருக்கிறது. 2017-ல் வண்டல் அள்ளவும் செய்தார்கள். ஆனாலும் அந்த நான்காவது இலக்கமான 7, ஓய்வு பெறாத சர்க்கார் ஊழியர் மாதிரி தினமும் டூட்டிக்கு வந்துகொண்டிருக்கிறது.

* * *

"அப்படீன்னா எல்லா இலக்கத்தையும் வெட்டிரலாங்களா?" என்று கேட்கிற தம்பிக்கு: அவசரப்படாதே. விடையில் வெட்டு, நடுவழியில் வெட்டாதே.

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டு எண்ணை 1000-ல் ஆரம்பித்தது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் கம்ப்யூட்டர் அதைத் திருப்பிக் கணக்கிடும். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்தது. முழுமையாக்கவில்லை, வெறும் வெட்டு. ஒரு தடவைக்குச் சராசரியாக ஆயிரத்தில் அரைப் பங்கு, அதாவது 0.0005 போகும். தூசு. ஆனால் ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவைக்குக் கிட்டே. சுமார் 22 மாசத்தில், சந்தை நன்றாக இருந்தும் குறியீடு 520 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. 1983 நவம்பரில் ஒழுங்காகக் கணக்கிட்டுப் பார்த்தால் 1098.892. பாதிச் சந்தையை எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

பாடம் சுலபம். கணக்கு ஓடும்போது கால்குலேட்டர் தருகிற இலக்கம் அத்தனையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர்ந்த பிறகு கணக்குப் பார்த்து, யோக்கியமானதை மட்டும் வெளியில் எடுங்கள்.

* * *

கடைசியாக, ஆபீஸ் நண்பர்களுக்கு. ஈ உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

எக்ஸெலில் வாடிக்கையாளர்களின் செல் நம்பரை 91 சேர்த்து அடிக்கிறீர்கள். பன்னிரண்டு இலக்கம். திரையில் 9.19843ஈ+11 என்று வரும். 'வைரஸ் வந்துடுச்சுங்' என்று அலற வேண்டாம். எக்ஸெல் அதை ஒரு பெரிய எண் என்று நினைத்து, பவானிசாகர் தண்ணீருக்குக் கொடுத்த மரியாதையை உங்கள் கஸ்டமருக்கும் கொடுக்கிறது. அதுவரைக்கும் ஆபத்தில்லை. உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். ஆனால் அப்படியே சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்தால், திரையில் தெரிவதுதான் ஃபைலுக்குப் போகும். மறுநாள் பாதி ஊருக்கு ஒரே போன் நம்பர்.

பதினாறு இலக்கக் கார்டு நம்பரோ கணக்கு நம்பரோ என்றால் இன்னும் மோசம். எக்ஸெல் பதினைந்து முக்கிய இலக்கம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பதினாறாவதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். தண்ணீர்க் கணக்கில் பதினாறாவது இலக்கம் போனால் ஒரு துளிகூட நஷ்டமில்லை. கணக்கு நம்பரில் போனால் ஒரு தொழிலாளியின் சம்பளம் யாருடைய கணக்குக்கோ போகப் பார்க்கும், இல்லாவிட்டால் எங்கேயும் போகாமல் திரும்பி வரும். முதல் தேதிக்குக் காத்திருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

போன் நம்பர், ஆதார் நம்பர், கணக்கு நம்பர் எதுவும் எண்ணே இல்லை. இலக்கத்தால் எழுதின பெயர்கள். யாரும் இரண்டு போன் நம்பரைக் கூட்டிச் சராசரி பார்ப்பதில்லை. ஆகவே அடிப்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அல்லது நம்பருக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி. ஈ ஓடிவிடும்.

அடுத்த தடவை யாராவது, "வளர்ச்சி 7.3846 சதவீதம்" என்று மீட்டிங்கில் அடித்துச் சொன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம். வேலை முக்கியம். மரியாதையாக, "கடைசி 6 எங்கிருந்து வந்துச்சுங் சார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் கால்குலேட்டரைப் பார்த்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.